பம்பாய்ச் சீதனம்

கல்முனையிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தாய். மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டாரிடம் சம்மதம் சொல்ல நிந்தவூருக்குப் போகிறாராம். பக்கத்தில் சரித்திரம் படிப்பிக்கும் டீச்சர்.

“போர்த்துக்கல் இளவரசிக்குச் சீதனமே பம்பாய்தான், ராத்தா. இங்கிலாந்து ராஜாவுக்குக் குடுத்தாங்க.”

“சுபஹானல்லாஹ்! நாம ஒரு ஊடு கட்டிக் குடுக்கவே உசிர் போகுது. அப்ப நம்மட ஊர் வழக்கம்போல மாப்பிள்ளை பொண்ணுட சீதன ஊட்டுக்கு, பம்பாய்லதானே வந்து குடியிருந்திருப்பாரு?”

“அவரு அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கல்ல. முதல்ல பிரான்ஸ் ராஜாவுக்கும் பேசினாங்களாம். அது சரிவந்திருந்தா பம்பாய் பிரான்சுக்கு. போர்த்துக்கலும் அவங்கட பக்கம். இங்கிலாந்து தனிச்சிருக்கும். ஐரோப்பாவுல ஆரு ஆரோட சேருறதெண்டதே மாறியிருக்கும்.”

“அல்லாஹ்வே! ஒரு கலியாணத்துலயா இவ்வளவும் கிடந்திச்சி? அந்தப் புள்ள என்ன சொன்னாளாம்?”

“அவக்கிட்ட ஆரும் கேட்டதாத் தெரியல்ல.”

பஸ் சாய்ந்தமருதைத் தாண்டியது. தாய் ஃபோனை எடுத்தார்.

“மகள், உன்னக்கிட்ட நான் ஒரு வார்த்த கேட்கல்லியே.”