பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட வீடியோ

ஹலோ... ஹலோ, கர்ட்டிஸா? நான்தாம்ப்பா, மார்லிஸ், இலவச வக்கீல் ஆபீஸ்லேருந்து... ஆமா, ஆமா, திரும்பவும் நான்தான். எங்க வந்துக்கிட்டிருக்க?... பனி தள்ளுற வண்டிக்குப் பின்னாடியா? இன்னும் எவ்வளவு தூரம்?... அறுபது மைலா. அப்ப நீ வந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. வாயால சொல்லு, செய்யறேன்.

இல்லப்பா, நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். லாய்ட் அவர் பெட்ரோல் பங்க் கேமராவுலேருந்து எடுத்துக் குடுத்த பென் டிரைவ்... ஆமா, படத்தைப் பாக்கணும்னா அதோட வந்த ஏதோ ஒரு புரோகிராம் ஓடணும், அதை நம்ம கம்ப்யூட்டர் வைரஸ்னு சொல்லி விட மாட்டேன்னுச்சு. நீதான சொன்ன, சாண்ட்பாக்ஸைத் திற, கம்ப்யூட்டருக்குள்ளயே தனியா இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி, உள்ள என்ன வெடிச்சாலும் வெளிய ஒண்ணும் ஆகாதுன்னு. திறந்தேன். வெளியேருந்து காப்பி, உள்ள பேஸ்ட். ரெண்டு ஃபைலும் போயிடுச்சு. ஓடுச்சு. பாத்தேன்.

ம்... ம்... நம்ம கட்சிக்காரன் ட்ராய்தான். சந்தேகமே இல்ல. ஒன்பது முப்பத்தெட்டுக்கு பம்ப் கிட்ட நிக்கறான். கடைக்குள்ள போய் காபி வாங்கிக்கிட்டு வெளிய வரும்போது நேரா கேமராவைப் பாக்கறான். அவன் கொளுத்தினான்னு கேஸ் போட்டிருக்காங்களே, அந்தப் படகுக் கொட்டகை பத்திக்கிட்டது ஒன்பதே முக்காலுக்கு. அங்கேருந்து முப்பது மைல். அவன் எப்படிக் கொளுத்தியிருக்க முடியும்?

சந்தோஷப்படாத. முழுசாக் கேளு. பென் டிரைவ்ல இப்ப ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமே இல்ல. படம் முடிஞ்சதும் வெளிய, நம்ம கம்ப்யூட்டர்ல ஒரு அறிவிப்பு வந்து நின்னுச்சு, ஆபத்தான ஃபைல் இருக்கு, நீக்கிடவான்னு. அந்தப் புரோகிராமை மட்டும்தான் சொல்லுதுன்னு நெனச்சு சரின்னு அமுக்கிட்டேன். மொத்தத்தையும் துடைச்சிடுச்சு.

லாய்ட்டா? போன் பண்ணிட்டேன். அவர் மிஷின்ல முப்பது நாளைக்கு மேல நிக்காதாம். முப்பத்து மூணு நாளாச்சு... அழிஞ்சதை மீட்டு எடுக்கலாமா?... ரெண்டு வாரமா? அதுவும் நிச்சயமில்லையா. அதுவரைக்கும் அவன் ஜெயில்ல.

இப்ப இருக்கிறது ஒரே காப்பி, அந்த சாண்ட்பாக்ஸ் பெட்டிக்குள்ள. இழுத்துப் பாத்தேன், வரல. காப்பி பண்ணி வெளிய ஒட்டினாலும் ஒட்ட மாட்டேங்குது... என்னது? நீ பூட்டினதா? உள்ள போகலாம், வெளிய வரக்கூடாதுன்னு... சரி, சரி, நல்லதுக்குத்தான் செஞ்ச. இப்ப அதைத் திறக்க வழி சொல்லு... மூடிட்டுத்தான் மாத்தணுமா? மூடினா?... ம். எல்லாம் அழிஞ்சிடும்.

மெயில்ல அனுப்பவா?... உள்ள இன்டர்நெட் கிடையாது. அதையும் நீதான் அறுத்து வச்சிருக்க.

இரு. கீழ என்னமோ வந்திருக்கு. அப்டேட்டுக்காக இன்னும் பதினோரு நிமிஷத்துல கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகுமாம். அப்ப பெட்டியும் மூடிக்கும்... தள்ளிப்போடற பட்டனே இல்லப்பா... ஆமா, நாலு வாரமா நான்தான் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறமா திட்டு.

போன்ல படம் பிடிக்கவா? என்னுது மடக்கற போன், அதுல எங்க... டார்சி, டார்சிம்மா, உன் போனை எடு... ட்ராயோட பொண்டாட்டிப்பா. காலைலேருந்து எதிர்ல உக்காந்திருக்கா, கோட்டைக்கூட கழட்டல. பதினோரு மணிக்கு ஜட்ஜ் முன்னாடி கேஸ். நம்ம வக்கீல் ரென்க்விஸ்ட் மேடம் இந்தப் படம் வரும்னு நம்பி கோர்ட்ல உக்காந்திருக்காங்க.

இப்படி, திரைக்கு நேரா புடிம்மா... என்ன, இடமில்லைன்னு சொல்லுதா? எதையாவது அழி... பாப்பா படம்தான் இருக்காம், கர்ட்டிஸ். நான் என்னன்னு சொல்ல?

...அழிச்சிட்டா. போனைத் தூக்கிப் புடிக்கறா.

ஓடுது. முதல்லேருந்துதான் ஓடும், நகத்த முடியல. முகம் வர்றதுக்கு எட்டு நிமிஷம் ஆகும்... ஏழரைதான் இருக்கு. தெரியும். நீ ஏதாவது பேசு... இல்ல, வேணாம், பேசாத.

...

வண்டி வந்துடுச்சு. நம்பர் பிளேட் பூராவும் பனி. இறங்கறான்... முதுகுதான் தெரியுது. தலையில குல்லா. பெட்ரோல் போடறான். உள்ள போறான். இதோ, கதவு தொறக்குது... தொறக்குது...

...

போச்சு.

...திரை நீலமாயிடுச்சு. வட்டம் சுத்திக்கிட்டிருக்கு.

ம்... இல்ல, முகம் வரல. முதுகு இருக்கு, அவன் நடந்து கடைக்குள்ள போறது இருக்கு. அவ்வளவுதான்... இல்லப்பா, உன் மேல தப்பில்ல. அமுக்கினது நான்.

டார்சி சொல்றா, அது அவர்தான், அந்த நடையைப் பாத்தா எனக்குத் தெரியாதான்னு... அவளுக்குத் தெரியும், கர்ட்டிஸ். ஜட்ஜுக்கு அவன் நடை தெரியாதே.

இரு, இன்னொரு லைன் அடிக்குது... கோர்ட்டுதான். ரென்க்விஸ்ட் மேடமாத்தான் இருக்கும்... எடுத்துத்தான் ஆகணும்ப்பா. வைக்கறேன்.