முடி கூடிக்கொண்டே வந்த சிஐடி

எனக்குச் சினிமாப் பைத்தியமெல்லாம் கிடையாது, ஐயா. குற்றாலத்தில் சாரல் நின்றுவிட்டால் துண்டும் சீயக்காயும் வாங்க ஆள் வராது. கடையைச் சாத்திவிட்டு நானும் மசூதும் தென்காசிக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வருவோம். மசூது என் கடைக்கூட்டாளி, என் தங்கை ராபியாவின் மாப்பிள்ளை. அவனைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

அந்த இங்கிலீஷ் சிஐடி படங்களைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. ஒரே கதாநாயகன், படத்துக்குப் படம் புது எதிரி. அறுபத்தாறில்தான் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தன. பட்டணத்துக்காரர்கள் முதல் படத்தை முதலில் பார்ப்பார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மதுரையில் எந்தப் படப்பெட்டி சும்மா கிடக்கிறதோ அதுதான் தென்காசிக் கொட்டகைக்கு வரும். பேச்சும் புரியாது. ஆட்களுக்கு நாங்களே பேர் வைத்துக்கொள்வோம். சிஐடிக்குக் கோட்டுக்காரன் என்று பேர். அவனுடைய உயிர்ச் சிநேகிதன் பூனைக்கண்ணன்.

எங்களுக்கு முதலில் வந்த படத்தில் பூனைக்கண்ணன் துரோகியாகிவிட்டான். பாறை விளிம்பில் தொங்குகிற மாதிரி நடித்துக் கையை நீட்டினான். காலடியில் அவனுக்குத் தோதாக ஒரு கல் இருந்தது. கோட்டுக்காரன் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தான். இவன் வெடுக்கென்று இழுத்துவிட்டான். கோட்டுக்காரன் தலைகுப்புறப் பள்ளத்துக்குள் போனான். பூனைக்கண்ணன் மேலே ஏறிவந்து எதிரிகளோடு கைகுலுக்கினான். அதோடு படம் முடிந்தது. கொட்டகையில் ஒருவருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அடுத்த பெட்டி வந்தபோது இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “செத்தவன் எப்படிலே எந்திச்சு வந்தான்?” என்று பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். மசூதுதான் கண்டுபிடித்தான். “மச்சான், தலையப் பாருங்க. போன படத்துல முன்வழுக்கையா இருந்தான், இதுல முடி கெடக்கு. இது அதுக்கு முந்துன படம்லா.” அதற்கடுத்து வந்த படத்தில் முடி இன்னும் கூடியிருந்தது. நாங்கள் கதையை வால் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மசூது அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. முடிவு தெரிந்தவனுக்குப் பூனைக்கண்ணன் செய்வதெல்லாம் வேறாகத் தெரிந்தது. கோட்டுக்காரனை வாசல்வரை வந்து வழியனுப்புவான், அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று நின்று பார்ப்பான். கோப்பையை நிரப்பிக் கொடுத்துவிட்டு, கோட்டுக்காரன் குடித்த பிறகுதான் தான் குடிப்பான். முதுகுக்குப் பின்னால் நிற்பதில் அவனுக்கு ஒரு பிரியம். கோட்டுக்காரன் ஒன்றையும் கவனிக்காமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கடையில் மசூது எனக்குச் சாயா ஊற்றிக் கொடுத்தான். நான் குடிக்கும்வரை அவன் குடிக்கவில்லை. கடையைவிட்டு இறங்கினேன். “எங்க மச்சான் போறிய?” என்றான். நீங்களே யோசித்துப் பாருங்கள், கூட்டாளிக்கு அது எதற்கு?

அப்புறம் எனக்கு உறக்கம் போயிற்று. அவன் வீட்டுச் சோற்றில் கை வைக்கவில்லை. போகிற பாதையை மாற்றிக்கொண்டே இருந்தேன். செங்கோட்டையிலிருந்து ஒரு ஆள் வந்து அவனோடு குசுகுசுத்தான். என்னைக் கண்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். “அண்ணனுக்கு இப்பம் ஒண்ணுந் தெரியாண்டாம்” என்று ராபியா சொன்னதை என் காதாலேயே கேட்டேன். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மசூதை அடக்கம் செய்த அன்று அழுதுகொண்டே அவள் சொன்னாள். இருக்கட்டும். பூனைக்கண்ணனும் விருந்து வைத்த பிறகுதான் குழி பறித்தான்.

இந்தச் சீசனில் செண்பகாதேவி அருவிக்குப் போவோம் என்று நான்தான் கூப்பிட்டேன். மலைமேல் மேகம் கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். அந்த மாதிரி நாளில் வெள்ளம் எப்படி இறங்கும் என்று அருவிக்கரையில் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? மசூதுக்கும் தெரியும். நான் கூப்பிட்டதால் வந்தான். எனக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துவிடப் பின்னால் வந்து நின்றான். நீ முதலில் குளி என்றேன். எண்ணெய்த் தலையோடு அருவிக்குள் நுழைந்தான்.

“மச்சான், தண்ணி கலங்குத மாதிரி தெரியுதே?” என்றான்.

“ஒன் தலை எண்ணெதான்லே, குளி” என்றேன்.

வெள்ளம் அவனைப் புரட்டியது. ஆனாலும் கெட்டிக்காரன், பாறை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். மறு கையை என் பக்கம் நீட்டினான். “கையக் குடுங்க மச்சான்” என்றான். இதை நான் ஏற்கெனவே பார்த்தவன் ஐயா. அந்தக் கையை எட்டிப் பிடித்தவன் கதி எனக்குத் தெரியும். பாறையைப் பிடித்திருந்த விரல்கள்மேல் குதிகாலை வைத்து, பிடி விடும்வரை அழுத்தினேன். அவன் காலடியில் கல் ஏதும் இருந்ததா என்று குனிந்து பார்க்கவில்லை. கோபமெல்லாம் இல்லை, பயம்தான். கால் வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது. நானும் ஆமாம் என்றேன்.

நானாக ஸ்டேஷனுக்கு வந்த காரணம் கேட்டீர்கள். போன வாரம் இன்னொரு பெட்டி வந்தது. கோட்டுக்காரனுக்கு முழு வழுக்கை. ஆள் உயிரோடு இருந்தான். அவன் விழுந்த பள்ளத்தை மறுபடி காட்டினார்கள். கீழே வலை கட்டியிருந்தது. கட்டியவனே பூனைக்கண்ணன்தான். எதிரிகளை நம்பவைக்க இருவரும் சேர்ந்து போட்ட நாடகமாம். கடைசியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். கொட்டகையே எழுந்து கை தட்டியது. நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

அதிலிருந்து பயம் ரெட்டிப்பாகிவிட்டது. ராபியா கொண்டுவந்து வைக்கிற சோற்றைப் பார்க்க முடியவில்லை, அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவள் புருஷனைக் கொன்றது ஒலி முகம்மதாகிய நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி செய்யுங்கள் ஐயா. மதுரைக்கு ஆள் அனுப்பி, இதற்குப் பிந்திய படம் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அதிலாவது பூனைக்கண்ணன் துரோகம் செய்திருப்பான்.