சிக்கந்தர் ராவுத்தர் தெளிச்ச அத்தர்

பின்வரிசையில பேசிக்கிட்டிருக்கற அண்ணன்மாரே... கொஞ்சம் இங்க பாருங்க. நம்ம தோல் பட்டறைச் சங்கத்துக்குப் பெரிய கழிவுத் தொட்டி கட்டலாமான்னு ஓட்டுப் போடப்போறீங்க. போடுங்க. அதுக்கு முன்னால ஒரு குட்டிக் கதை, காதைக் குடுங்க.

நம்ம திண்டுக்கல்லுல சிக்கந்தர் ராவுத்தர்னு என் கூட்டாளி. தோல் பதப்படுத்தற டேனரி வெச்சிருக்கார், அதை ஒட்டியே வீடு. தோல்ல இருக்கற முடியைப் போக்க சுண்ணாம்போட சல்பைடு போடுவார். முடி கூழாக் கரைஞ்சு வாய்க்கால்ல ஓடும். நாத்தமா அது? லாரி நிறைய அழுகின முட்டை கவுந்த மாதிரி! கொடைக்கானலுக்குத் தேனிலவு வந்த சோடிகளே மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கி ஓடிருச்சுன்னா பாத்துக்கங்களேன்...

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன அவர் மருமக நஸ்ரின் திரும்பி வரல. "பச்சப்புள்ளைய அந்த நாத்தத்துல வளர்க்க மாட்டேன்"னுட்டா. பேரன் தவழ ஆரம்பிச்சுட்டான்... தாத்தா போட்டோவுலதான் பாக்கறார்!

மனுசன் என்ன செஞ்சார்? அத்தர் வாங்கினார்! கேன் கேனா. வாசல்ல, சுவத்துல, வாட்ச்மேன் மேலகூட தெளிச்சார். நாத்தம் போச்சா? அழுகின முட்டைக்கு ரோசாப்பூ வெச்ச மாதிரி ஆச்சு!

தூது போனது யாரு? நான்தான். "இப்ப கமகமன்னு இருக்கும்மா, வந்துரு"ன்னேன்.

"மாமா... நாத்தத்தை மறைக்கவா சொன்னேன்? உண்டாக்காதீங்கன்னுதானே சொன்னேன்!"

நான் எட்டாவதோட படிப்பை நிறுத்தினவன்தான். மூளையை நிறுத்தலையே! ராவுத்தரை இழுத்துக்கிட்டு நேரா தோல் ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட போனேன். சல்பைடுக்குப் பதிலா என்சைம்னு ஒரு தூள் குடுத்தாங்க. அது முடியைக் கரைக்காது, வேரைத் தளர்த்தும். முடி முழுசா உதிரும், வாரி எடுத்துரலாம்.

"தோலு கெட்டுப்போனா நான் தெருவுலய்யா!"ன்னு ராவுத்தர் தூளைத் தள்ளி வெச்சார்.

"கெட்டா என் தோலை உரிச்சுக்கய்யா, போடு!"ன்னேன்.

கெடல. முடி கொத்துக் கொத்தா வந்துச்சு. என் தோலும் தப்பிச்சது.

நஸ்ரின் வந்தா. கேட்டுக்கு வெளியவே நின்னா. இடுப்புல புள்ளை. மூச்சை ஒரு இழு இழுத்தா... ராவுத்தருக்கு மூச்சே நின்னுருச்சு.

"நாத்தம் போயிருச்சு மாமா..." புள்ளையை அவர் கையில குடுத்தா. "இந்த அத்தரைத்தான் தாங்க முடியல. அதையும் நிறுத்துங்க!"

அய்யா... தொட்டி வேணாங்கல. ஆனா கண்டதையும் உள்ள போட்டுட்டு, கடைசியில தொட்டியைப் பெருசாக்கறோமே... அதுவும் அத்தர் தெளிக்கறதுதானே? வெளிய என்ன வருதுன்னு பயப்படறதுக்கு முன்னால, உள்ள என்ன போடறோம்னு பாப்போம். அப்புறம் சின்னத் தொட்டியே போதும்.

நீங்க கை தூக்கறதெல்லாம் கணக்கில்ல. உங்க வீட்டு வாசல்லயும் ஒருத்தி புள்ளையோட வந்து நிப்பா... மூச்சை இழுப்பா... அவ போடறதுதான்யா ஓட்டு!