மூன்றாவது பட்டன்

தண்டலத்தில் கம்பெனி பஸ் ஏறிய பெண்மணி, உட்காருவதற்கு முன்பே முன் சீட்டுத் தோழியைப் பார்த்துக் கத்தினார்.

"மல்லிகா, இன்னிக்கு மூணாவது பட்டன் மாட்டிக்கிச்சுடி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அவர்களுக்குப் பின் சீட்டில் இருந்தேன்.

"இன்னா பட்டன்கா?"

"போன வருஷம் யூனிஃபார்ம் கோட்டுக்கு அளவு கேட்டாங்கல்ல? எப்படியும் இளைச்சிடுவேன்னு ரெண்டு சைஸ் சின்னதா சொல்லிட்டேன். வந்ததுலேர்ந்து பீரோவுல தொங்குது. பழைய கோட்டைத்தான் தொவைச்சித் தொவைச்சிப் போட்டுக்கினு வரேன்."

"வருஷம் பூரா கேன்டீன் போண்டாவைத் தொடாம இருந்ததுக்கு மூணு பட்டன்தானா?"

"இன்னும் ரெண்டுதான்டி பாக்கி! நாப்பத்தஞ்சு வயசு ஒடம்பு, மெதுவாத்தான் சொன்ன பேச்சு கேக்கும். அதட்டுனா மொறைச்சிக்கும்."

ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு மல்லிகாவுக்கு நினைவு வந்தது.

"அக்கா, இந்த வருஷக் கோட்டுக்கு இன்னிக்குத்தான் அளவு கேக்கறாங்க. இன்னா சொல்லப்போற?"

"அதைவிட ஒரு சைஸ் சின்னது."

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன், நான் மட்டுந்தான் பொறுமையா இருக்கணுமா? வரப்போற கோட்டும் கொஞ்சம் பொறுமையா இருக்கட்டுமே!"