மதிய வாட்டம்

மார்ச் மாதம் இரண்டாம் தேதி காலையில், எங்கள் வீட்டின் பின்புறம், குழாயடிக்குப் பக்கத்தில், நான் கத்தரி விதை போட்டேன்.

விதை போட அது நல்ல சமயம். வெயில் அப்போது முற்றியிருக்காது. நாற்று எழுந்து நிற்பதற்குள் முற்றிவிடும். அந்த இடைவெளியைப் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் தோட்டம். நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். ஆனால் விதையிலிருந்து ஆரம்பித்தால்தான் நான் சொல்வதில் உள்ள நியாயம் உங்களுக்குப் படும். எழுதிக்கொள்பவர் அவசரப்பட வேண்டாம். நிதானமாகவே சொல்கிறேன்.

அது என்னுடைய இரண்டாவது தோட்டம். முதல் தோட்டம் இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில் செத்துப்போனது. மகளின் முதல் பிரசவத்துக்காக நானும் மனைவியும் வெளியூர் போயிருந்தோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மனைவியின் அண்ணனிடம் விட்டுப் போனோம். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் கண்டக்டர்தான், எனக்கு மச்சான். பெண்டாட்டி பிள்ளை கிடையாது, சீட்டாட்டம் உண்டு. நாங்கள் திரும்பி வந்தபோது தக்காளி, வெண்டை, பாகல் பந்தல் எல்லாம் விறகு நிறத்தில் நின்றன. மச்சான் வாசலிலேயே சிரித்துக்கொண்டு வரவேற்றார்.

"கொஞ்சம் மறந்துட்டேன் மாப்ளே. அதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சுங்க. செடிதானே, மறுபடி போட்டா வந்துட்டுப் போவுது."

நான் கோபப்படவில்லை. என் மனைவியே இதைச் சொல்வாள். குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவன் நான். எந்தத் தெருவுக்கு எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்தவன். காலிக் குடத்தோடு வந்து கத்துகிறவர்களைக்கூட நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசுவேன். தண்ணீர் திறப்பது அப்புறம்.

சென்ற மழைக்காலத்தில் மச்சானுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் விழவில்லை. மனைவி அவரைக் கொண்டுவந்து எங்கள் பின்னறையில் படுக்க வைத்தாள். தகரக் கூரை போட்ட அறை. ஆனால் புங்கமரம் ஒன்று மேலே கவிந்திருந்ததால் நடுப்பகலிலும் குளுகுளு என்றிருக்கும். ஜன்னல் என் தோட்டத்தைப் பார்த்தது. நான் மண் கொத்தும்போதெல்லாம் உள்ளேயிருந்து குரல் வரும்.

"என்ன மாப்ளே, கத்தரிக்கு டிக்கெட் போட்டாச்சா? முன்னால நெருக்காம பின்னால போகச் சொல்லு, எடம் கெடக்கு."

விதை முளைத்த வாரத்தில் மகளுக்கு அடுத்த பிரசவம் நெருங்கியது. இந்த முறை மனைவி மட்டும் கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான்.

"அண்ணனுக்குத் தண்ணி மட்டும் மறந்துடாதீங்க. எந்திரிச்சு உக்கார முடியாது, டம்ளரைத் தானாப் பிடிக்கவும் வராது. நீங்கதான் வாயில வச்சுக் குடுக்கணும்."

"செடிக்கே மறக்காதவன், உன் அண்ணனுக்கா மறந்துடப் போறேன்?"

நான் மறக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வரை ஒரு நாளும் மறக்கவில்லை.

நாற்று தலைதூக்கியதும் புங்கமரம் ஒரு பிரச்சினை ஆயிற்று. காய்க்கிற செடிக்கு வெயில் தாராளமாக வேண்டும். மரமோ பாத்தியில் பாதியை நிழலில் வைத்திருந்தது. மரம் வெட்டுகிறவரை வரவழைத்தேன். அவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இது போச்சுன்னா அந்த ரூமு அடுப்பாயிடும். உள்ள ஆள் வேற படுத்திருக்காரு."

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க வெட்டுங்க."

"கெளையையாவது தகரத்து மேல பரப்பிட்டுப் போறேனே. கொஞ்ச நாளைக்குத் தாங்கும்."

நல்ல யோசனைதான். ஆனால் புங்க இலை மூடாக்குக்கு அருமையான சரக்கு. மண்ணின் ஈரத்தைக் காக்கும், மக்கினால் உரமாகும். அதைத் தகரத்தின் மேல் போட்டுக் கருக விட எனக்கு மனசு வரவில்லை. எல்லாவற்றையும் உருவிப் பாத்தியில் பரப்பினேன்.

அடுத்தது மின்விசிறி. நாற்று காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். தோட்டம் போடுகிற எல்லாருக்கும் இது தெரியும். எங்கள் வீட்டில் இருந்த மேசை விசிறி ஒன்றே ஒன்று. அது மச்சானின் கட்டிலருகே ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒயரைச் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது கேட்டார்.

"விசிறிய எங்க கூட்டிட்டுப் போறே?"

"நாத்துக்கு வேணும், மச்சான்."

"ஏன், நாத்துக்கு வேர்க்குதா?"

தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்குள் பகை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது தவறான தகவல்.

ஏப்ரல் பிறந்ததும் வெயில் சுள்ளென்று இறங்கியது. இளம் நாற்றை அப்படியே வெயிலில் விடக்கூடாது, வதங்கிவிடும். முதலில் நிழலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். பச்சை நிழல்வலை வாங்கிவந்து கம்பு நட்டுக் கட்டினேன்.

"மாப்ளே, அதுல ஒரு துண்டு இந்தத் தகரத்து மேலயும் போடேன். உள்ள வேகுது."

"மீதி இருந்தாப் போடறேன், மச்சான்."

மீதி இருந்தது. அதைப் புதினாவுக்குக் கட்டினேன். புதினா வெயில் தாங்காது.

அதற்குள் மச்சானின் கிண்டல் குறைந்திருந்தது. டிக்கெட், விசில் என்று எதுவும் இல்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். தோட்டக்காரனுக்குக் கண்தான் முதல் கருவி.

இப்போது மதிய வாட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் இதில்தான் தடுமாறுவார்கள். உச்சி வெயிலில் செடி இலையைத் தொங்கப்போடும். பார்ப்பதற்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். உடனே பதறிப்போய்க் குடம் குடமாக ஊற்றுவார்கள். தேவையே இல்லை. அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். அதுவும் வேர் ஆழமாக இறங்க வேண்டுமென்றால், தண்ணீரைக் கேட்கும்போதெல்லாம் கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டக் குழுவில் என்னை ஆலோசகராக வைத்திருப்பதே இந்த மாதிரி விஷயங்களுக்காகத்தான்.

மச்சானும் மதியத்தில் வாடினார். மாலையில் ஒரு டம்ளர் கொடுத்தால் நிமிர்ந்துவிடுவார். முறை சரியாக வேலை செய்தது. ஆகவே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன்.

பக்கத்து வீட்டுத் தையற்காரிதான் உங்களிடம் முதலில் வந்தவள் என்று நினைக்கிறேன். ஒரு மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்தாள்.

"கண்டக்டரண்ணன் ரொம்ப நேரமாக் கூப்பிடறாரே சார். உங்க காதுல விழலையா?"

"மத்தியானத்துல அப்படித்தாம்மா. சாயங்காலம் சரியாயிடும்."

"தண்ணி தண்ணின்னு கேக்கற மாதிரி இருக்கே?"

"இப்ப ஊத்தக் கூடாதும்மா."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். செடியைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். மனைவி போனில் அண்ணனைக் கேட்கும்போதெல்லாம் தூங்குகிறார் என்றேன். அதில் பொய் அதிகமில்லை. கடைசி நாட்களில் பெரும்பாலும் கண்ணை மூடித்தான் கிடந்தார்.

நாற்றைப் பிடுங்கி நட்ட நாள் ஏப்ரல் பதினொன்று. குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டியில் இருந்தது நடவுக்குச் சரியாக இருந்தது. உச்சிப்பொழுதில் நான் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைக் கடந்தபோது மச்சான் கண்ணைத் திறந்தார். உதடு வெடித்திருந்தது. வேர்வை நின்றுபோயிருந்தது. பூவாளியையே பார்த்தார்.

"மாப்ளே... எல்லாச் செடிக்கும் ஊத்துறே. என்னையும் ஒரு செடின்னு நெனச்சுக்கயேன்."

"அப்படித்தான் மச்சான் நெனச்சிருக்கேன்."

அனல் காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது. பிடுங்கிய நாற்றுகளை வைத்திருந்த தட்டுகள் கதவோரம் இருந்ததால் வெளியில் தாழ்ப்பாள் போட்டேன். தாழ்ப்பாளைப் பற்றி நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுதான் பதில். பிறகு நடவை முடித்து, வரிசை வரிசையாகத் தண்ணீர் விட்டு, பூவாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். வெயில் தாழ்ந்ததும் டம்ளரோடு போனேன். அவர் நிமிரவில்லை.

எனக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று எழுதலாமா என்று நேற்று வந்த வக்கீல் கேட்டார். வேண்டாம் என்றேன். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் தோட்டக் குழுவில் என் பெயர் என்ன ஆகும்? மதிய வாட்டத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வாடிய செடியின் அடியில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால்தான் மாலை வரை காத்திருக்கலாம். காய்ந்திருந்தால் எந்த நேரமானாலும் உடனே ஊற்ற வேண்டும், இல்லையென்றால் செடி போய்விடும். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தாழ்ப்பாள் போடுவதற்கு முன் மச்சானின் கட்டிலருகே இருந்த தண்ணீர்க் கூஜாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். முந்தின நாளே காய்ந்திருந்தது. அதனால்தான் தாழ்ப்பாள் போட்டேன்.

இதில் கோபம் எதுவும் இல்லை என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நட்ட நாற்றுகள் அத்தனையும் பிடித்துக்கொண்டன, ஒன்றுகூடத் தவறவில்லை. என் மனைவி ஊரிலிருந்து வந்தவள் நேரே பாத்தியில் இறங்கி, எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி வெயிலில் எறிந்துவிட்டாள். அதைக் குறித்து இங்கிருந்தே தனியாக ஒரு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.