முப்பது கேப்சூல்கள்

நீங்கள் கொடுத்த டீ நன்றாகத்தான் இருந்தது. கோப்பையின் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்தேனே, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் கொடுத்தாலும் துடைப்பேன். இந்த மேசையின் ஓரம் பிசுபிசுவென்று இருக்கிறது. எத்தனையோ பேர் இங்கே உட்கார்ந்து வியர்த்த கையை ஊன்றியிருக்கிறார்கள். அதனால்தான் என் கைகளை மடியில் வைத்திருக்கிறேன், பயத்தினால் அல்ல.

எழுதிக்கொள்ளுங்கள். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், குடல் நுண்ணுயிர்ப் பிரிவில் ஒன்பது வருடமாக ஆய்வகப் பணியாளர். என் வேலை என்னவென்று சொன்னால், வீட்டுக்கு வந்தவர்கள் கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிடுவார்கள். நல்ல ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை வாங்கி, உப்பு நீரில் கரைத்து, சல்லடையில் வடித்து, சுழல் இயந்திரத்தில் சுற்றி, அடியில் தங்கும் வண்டலைக் கேப்சூலில் அடைத்துத் தருவேன். அதில் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கும். குடல் கெட்டுப்போன நோயாளி அதை விழுங்கினால் அவை உள்ளே போய்க் குடியேறி, கெட்டதைத் துரத்திவிடும். மருந்துக்கு அடங்காத பேதியெல்லாம் இதில் நின்றிருக்கிறது. என் கையால் செய்து கொடுத்ததில் அறுபத்திரண்டு பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

இவ்வளவு அருவருப்புப் பார்க்கிறவள் இந்த வேலையை எப்படிச் செய்தாள் என்று யோசிக்கிறீர்கள். எண் ஒட்டி, மூடி போட்டு வருகிற அழுக்கு என்னை ஒன்றும் செய்யாது. கையுறை உண்டு, முகக்கவசம் உண்டு. மூடியில்லாமல் வீட்டுக்குள் நடமாடுகிற அழுக்குதான் எனக்கு ஆகாது.

என் அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அதன்பின் எனக்குச் சோறு ஊட்டியது, தலை சீவியது, நகம் வெட்டியது எல்லாம் அவள்தான். "காதுக்குப் பின்னால தேச்சியா பாப்பா?" என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். கடைசி வரைக்கும் நான் அவளுக்குப் பாப்பாதான். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுடைய துணிப்பெட்டியோடு நானும் போனேன். மாடி அறையை எனக்குக் கொடுத்தார்கள்.

அத்தான் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். நாள் முழுக்க மண்ணிலும் எருவிலும் கை. நகக்கண்ணில் கறுப்பு போனதே இல்லை. ஆள் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அவருடைய ஏப்பம் வந்துவிடும். தண்ணீர்க் குவளையை வாயில் கவ்விக் குடிப்பார். தும்மிவிட்டுத் திரைச்சீலையில் கை துடைப்பார். அக்காவின் தட்டிலிருந்து எடுத்துத் தின்பார், அவளும் சிரித்துக்கொண்டே தட்டை நகர்த்திக் கொடுப்பாள். நான் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தால், "சுத்தக்காரம்மா, கால இங்க வச்சுக்கலாமா, இல்ல தலைல தூக்கி வச்சுக்கவா?" என்பார். அக்கா சிரிப்பாள். இருபது வருடம் இந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரைப் பார்த்தால் எனக்குக் குமட்டும், அவ்வளவுதான்.

போன வருடம் அக்காவுக்குப் பல்லில் சீழ் பிடித்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பல் சரியாயிற்று, குடல் போயிற்று. அந்த மருந்து நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாப் பாக்டீரியாவையும் கொன்றுவிட, தப்பித்த ஒரு கெட்ட ஜாதி மட்டும் உள்ளே பெருகிவிட்டது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, பதினைந்து தடவை போனாள். மூன்று முறை மருந்து மாற்றியும், நின்றது மறுபடி மறுபடி வந்தது. மூட்டுவலிக்கு அவள் சாப்பிட்டுவந்த மாத்திரையால் உடம்பில் எதிர்ப்புச் சக்தியும் குறைவு. எழுபது கிலோ இருந்தவள் நாற்பத்தாறு ஆனாள். படுக்கை விரிப்பை நான்தான் மாற்றினேன். கையுறை இல்லாமல் மாற்றினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுடையது எனக்கு அருவருப்பே தரவில்லை.

எங்கள் டாக்டர் கேப்சூல் சிகிச்சை செய்யலாம் என்றார். கொடையாளி வீட்டு மனிதராக இருந்தாலும் சரி என்றார். நான் உடனே கை தூக்கினேன். வேறு யார் இருக்கிறார்கள்? ஒரே வயிற்றில் பிறந்தவள் நான். வெளிச் சாப்பாடு கிடையாது. காய்கறியைச் சோப்பு நீரில் கழுவுவேன். ஒரு தும்மல் வந்தாலே ஆன்டிபயாடிக் போட்டு அதை முளையிலேயே கிள்ளிவிடுவேன். என்னைவிடச் சுத்தமான வயிறு அந்தக் கட்டடத்தில் கிடையாது.

முன்பெல்லாம் ஒவ்வொரு கிருமியையும் தட்டில் வளர்த்துத்தான் பார்க்க முடியும். இப்போது மரபணுவைப் படிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஒரு துளி போதும், உள்ளே யார் யார் என்று பட்டியல் போட்டுவிடும். என்னோடு அத்தானையும் சோதித்தார்கள். அவருடைய பட்டியல் நான்கு பக்கம் வந்தது. என்னுடையது அரைப் பக்கம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "தப்பா நினைக்காதீங்க. உங்க வயிறு காலி வீடு மாதிரி கிடக்கு. கண்ட மருந்தும் சாப்பிட்டு எல்லாத்தையும் விரட்டிட்டீங்க. காலி வீட்ல ஒரே ஒரு ரவுடி மட்டும் உக்காந்திருக்கான். பத்து மருந்துக்கு அடங்க மாட்டான், பதினொண்ணாவதுக்குத்தான் அடங்குவான். உங்கள ஒண்ணும் பண்ண மாட்டான். ஆனா அக்கா மாதிரி பலவீனமானவங்க உடம்புக்குள்ள போனா ஆளையே முடிச்சிருவான்."

"அத்தானோடது?" என்று கேட்டேன்.

"அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு. நல்ல ஜனமா நெருக்கியடிச்சுக் குடியிருக்கு."

என் பரிசோதனைத் தாளை மடித்துக் கையில் கொடுத்தார். நான் அதைப் பையில் வைத்தேன். கழிவறைக்குப் போய்க் கை கழுவினேன். வெகுநேரம் கழுவினேன் என்று நினைக்கிறேன். கை கழுவாதவருக்கு நான்கு பக்கம், கழுவிக் கழுவித் தோல் வெடித்தவளுக்கு அரைப் பக்கம். அந்த இயந்திரம் பழுது என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கேப்சூல் செய்ய வேண்டிய செவ்வாய்க்கிழமை காலையில் அத்தான் தன்னுடையதை டப்பாவில் கொண்டுவந்தார். வராந்தாவில் சக்கர நாற்காலியில் அக்கா. நான்கு பேர் பார்க்க அவர் அந்த டப்பாவை அவள் மடியில் வைத்து, "இத்தன வருஷமா இவ மனசுல குடியிருந்தேன். இனிமே இவ வயித்துக்குள்ளயே குடித்தனம்" என்றார். அக்கா, "ச்சீ, போங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவள் சிரித்தது அன்றுதான். டப்பாவை நான் வாங்கிக்கொண்டேன். மூடியின் மேல் அவருடைய விரல் ரேகை மண்ணாகப் பதிந்திருந்தது.

என்னோடு வேலை செய்கிற பெண் அன்று பயிற்சிக்குப் போயிருந்தாள். அத்தானின் டப்பாவிலிருந்து பதிவுக்காக வைக்கும் சிறு குப்பி அளவை மட்டும் எடுத்து உறைபெட்டியில் வைத்தேன். விதி அப்படி. மிச்சத்தை எரிக்க அனுப்பும் கழிவுப் பையில் போட்டேன். பிறகு என் பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன். புது டப்பா, மூன்று உறை, வீட்டிலிருந்தே பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. ஆமாம், வீட்டிலிருந்தே. திடீர்க் கோபத்தில் செய்தேன் என்று உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும். அப்படி இல்லை.

கரைத்தேன், வடித்தேன், சுற்றினேன், அடைத்தேன். ஒரு படியைக்கூட விடவில்லை. ஒவ்வொரு கேப்சூலையும் துடைத்துப் பளபளவென்று அடுக்கினேன். முப்பது. அடுக்கும்போது என் கண் கலங்கியது. ஆறு வயதில் எனக்கு ஊட்டியவளுக்கு நான் திருப்பி ஊட்டப் போகிறேன் என்று நினைத்தேன்.

விழுங்கும்போது அத்தான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார், நான் எண்ணினேன்.

"எத்தன ஆச்சு பாப்பா?"

"பதினெட்டுக்கா."

"உங்க அத்தான் நேர்லதான் காரம். இதுல உப்பும் இல்ல, உறப்பும் இல்ல."

முப்பதையும் விழுங்கினாள். நான்கு நாள் நன்றாக இருந்தாள். பேதி பாதியாகக் குறைந்தது, பசிக்கிறது என்றாள், மத்தியானம் தூங்கினாள். அத்தான் கண்ணில் பட்ட நர்ஸிடமெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிந்தார். நான் கட்டிலருகே உட்கார்ந்து அவள் காலை அமுக்கிவிட்டேன். அவளைத் தேற்றுவது யார் என்று எனக்கு மட்டும் தெரியும். என் ஆயுளில் அந்த நான்கு நாள் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஐந்தாம் நாள் குளிர்க்காய்ச்சல் வந்தது. உதடு நீலமானது. டாக்டர் ஓடி வந்தார். ரத்தத்தில் கிருமி இறங்கிவிட்டது, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இரண்டு நாள் ஆகும், அதுவரைக்கும் வழக்கமான மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். வழக்கமான மருந்து என்றால் அந்தப் பத்தில் ஒன்று. பதினொன்றாவதின் பெயர் என் தோள்பையில், மடித்த தாளில் இருந்தது.

"எல்லாம் சோதிச்சுத்தானே குடுத்தோம்? எங்கங்க தப்பு நடந்துச்சு?" என்று டாக்டர் என்னிடமே கேட்டார்.

"தெரியல டாக்டர்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சொன்னால் அக்கா காதுக்குப் போகும். அத்தானுடையது என்று நினைத்துக் கேலி பேசிக்கொண்டு விழுங்கியவள், அது என்னுடையது என்று தெரிந்தால் முகம் சுளித்திருப்பாள். ஒருவேளை வாந்திகூட எடுத்திருப்பாள். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டுமா? இரண்டு நாள்தானே, தாங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். சோதனை முடிவு ஏழாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. அக்கா இரண்டு மணிக்கே போய்விட்டாள்.

அவளை நான்தான் துடைத்தேன். காதுக்குப் பின்னாலும் துடைத்தேன். அதற்கப்புறம் அத்தான் வந்து, மூக்கு ஒழுக, அவள் நெற்றியில் முகத்தை வைத்து அழுதார். அவர் நகர்ந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து துடைக்க வேண்டியதாயிற்று.

"நாந்தான் பாப்பா கொன்னுட்டேன். என் வயித்துல இருந்ததுதான் அவளக் கொன்னுருச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று வாரம் அப்படியே நம்பினார், நானும் மறுக்கவில்லை. பண்ணைக்குப் போவதை விட்டார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். குழாயடியில் நின்று தேய் தேயென்று தேய்ப்பார், முழங்கை வரைக்கும் தோல் உரியத் தேய்ப்பார். இருபது வருடத்தில் முதல்முறையாக அவர் நகம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

டாக்டருக்குத்தான் மனசு ஆறவில்லை. அக்கா ரத்தத்தில் இருந்த கிருமியை மரபணு இயந்திரத்தில் போட்டார். அத்தானின் குப்பியில் அது மருந்துக்குக்கூட இல்லை. பிறகு உறைபெட்டியில் இருந்த எல்லாக் குப்பிகளோடும் ஒப்பிட்டார், கழித்துக்கட்டிய கொடையாளிகளின் குப்பிகளோடும்தான். என்னுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று. டாக்டர் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். என்னைத் தொடாமல் இருக்க ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார். எனக்கு அதுதான் அவமானமாக இருந்தது.

ஆக, மாற்றியது நான்தான். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து மாற்றினேன். எந்த மருந்து காப்பாற்றும் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது, உங்களுடையது வேண்டாம்.

அத்தானுடையதை அப்படியே கொடுத்திருந்தால் இந்நேரம் அக்கா எழுந்து நடமாடிக்கொண்டிருப்பாள் என்கிறார் டாக்டர். இருக்கலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவளை நான் எப்படித் தொடுவது?