கண்ணுக்குப் பின்னாடி

இல்ல தம்பி, அதை இன்னும் மெஷினுக்குள்ள வைக்காதீங்க. புரொபசர் கையெழுத்துப் போட்டிருக்காரு, தெரியும், சீட்டை நானும் பாத்தேன். வைவா அன்னிக்கு ஸ்கேன் படத்தைத் திரையில காட்டணுமாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளிப் போடுங்க. மெஷின் ரிப்பேர்னு சொல்லுங்க, யாரு வந்து பாக்கப் போறாங்க?

எதுக்கா? சொல்றேன். இந்த மண்டையோட்டைக் கல்லுலேர்ந்து பிரிச்சு எடுத்தது நான்தான். ஊசி, பிரஷ், பூதக்கண்ணாடி, ஒன்பது மாசம். டைனோசரா? ஐயோ, அதெல்லாம் நேத்து வந்தது. இது அதுக்கும் எவ்வளவோ முன்னாடி. பாத்தா பல்லி மாதிரி இருக்கும், பல்லியும் இல்ல. இதுங்கள்ல கண்ணுக்குப் பின்னாடி எலும்புல எத்தனை ஓட்டைன்னு பாத்துத்தான் யாரு எந்த வம்சம்னு பிரிப்பாங்க. ரெண்டு இருந்தா முதலை, பறவை வழி. ஒண்ணு இருந்தா நம்ம வழி. ஆமா, நீங்களும் நானும்தான், சிரிக்காதீங்க. ஒண்ணுமே இல்லேன்னா ரொம்பப் பழைய ஆளுங்க.

இதுல ஓட்டையே இல்லேன்னுதான் எம் பொண்ணு நாலு வருஷமா உக்காந்து தீசிஸ் எழுதியிருக்கா. திங்கக்கிழமை வைவா. முதல் பக்கத்துல, இதைச் சுத்தம் பண்ணித் தந்த என் அம்மா கைக்குன்னு போட்டிருக்கா. அதைப் படிச்சுட்டுத்தான் உங்ககிட்ட ஓடி வந்தேன் தம்பி.

அவ பாத்ததெல்லாம் வலப்பக்கம். இடப்பக்கம் கல்லுக்குள்ளயே கிடந்துது. வைவாவுக்கு அழகா இருக்கட்டுமேன்னு போன வாரம் அதையும் நான் திறந்தேன். எனக்கு என்ன கேடு? கண்ணுக்குப் பின்னாடி ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் வழவழன்னு, பிறவியிலேயே இருந்த ஓட்டை. இந்தாங்க, விரலை வச்சுப் பாருங்க. இன்னும் யாருக்கும் காட்டல.

வலப்பக்கம் மட்டும் ஏன் இல்லேன்னா கேக்கறீங்க? இருந்துது. அன்னிக்கு ஊசி சட்டுனு உள்ள போச்சு, நான்தான் உடைச்சுட்டேன்னு நெனச்சேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு, பயம். கல்லுப் பொடியைப் பசையில குழைச்சு அடைச்சு, மேல தேச்சு விட்டுட்டேன். உங்க படத்துல அது பளிச்சுனு தெரிஞ்சுடும்.

மறைக்கச் சொல்லல தம்பி. நாளைக்குப் போடுங்க. எல்லார் முன்னாடியும் திரையில பாக்கறதுக்கு முன்னாடி அவ என் வாயால கேக்கட்டும். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. அதான் முதல்ல உங்ககிட்ட சொல்லிப் பாத்தேன்.